குளிசை தொடங்கிப் பத்தாம் நாள் தடிப்பா?

உடம்பில் சிவப்புத் தடிப்பு போட்டால் வன்னியில் பழி விழுவது கணவாயிலும் கத்தரிக்காயிலும், இல்லையென்றால் வெக்கையில். ஒரு கிழமையாகக் குடிக்கிற குளிசையை யாரும் சந்தேகிப்பதில்லை. மருந்துக்கான தாமத ஒவ்வாமையோ, குளிசை தொடங்கிச் சில நாள் கழித்துத்தான் வரும். கிருமித்தொற்றுக்கான அமொக்சிசிலினால் வரும் தடிப்பு பெரும்பாலும் 4 முதல் 14 நாளுக்குள், சிலவேளை குளிசை முடிந்த பிறகும் வரும். வலிப்புக்கான கார்பமசெபின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினோல் போன்றவற்றுக்கு 8 கிழமை வரையும் செல்லலாம்.

அதனால் டொக்டரிடம் கிளினிக் கொப்பியோடு, கடந்த 2 மாதம் குடித்த எல்லா மருந்தின் உறையையும் கொண்டுபோங்கள். பாமசியில் துண்டில்லாமல் வாங்கியதையும் நாட்டு மருந்தையும் விடாதீர்கள். ஒவ்வொரு உறையிலும் தொடங்கிய திகதியை எழுதுங்கள். நோயறிய முதல் துப்பு அந்தத் திகதிதான்.

காய்ச்சல், முகவீக்கம், வாயில் அல்லது கண்ணில் புண், கொப்புளம், தோல் நோவு: ஒன்று கண்டாலும் அடுத்த வேளைக் குளிசையை நிறுத்தி, இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈரலும் தாக்கப்படலாம், இரத்தம் சோதிக்க வேண்டும்.

தோலில் மருந்தை ஒட்டிப் பார்க்கும் சோதனை, தடிப்பு ஆறிக் குறைந்தது 4 கிழமைக்குப் பிறகுதான். அதில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த மருந்து ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. "ஒண்டு குடிச்சுப் பாப்பம்" என்று வீட்டில் தொடவே வேண்டாம். மருந்தின் பெயரைக் கொப்பியின் முன்மட்டையில் சிவப்பு மையால் எழுதுவியுங்கள்.