மயோர்க்காத் தீவில் இருவர், இரண்டு சைக்கிள்கள்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்கா, மத்தியதரைக் கடலில் ஏறக்குறைய 3,640 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. வடமேற்குக் கரை நெடுகிலும் திரமுண்டானா மலைத்தொடரும், நடுவே பாதாம், அத்தி, ஆலிவ் தோப்புகள் நிறைந்த சமவெளியும் இருப்பதால், சைக்கிள் பயணத்துக்குப் புதியவர்களும் எளியதில் தொடங்கிக் கடினத்துக்குப் போகலாம். நானும் என் மனைவியும் அப்படித்தான் போய்வந்தோம். மேட்டில் அவள் என்னைவிட வேகம். அதை முதல் மலையில்தான் கண்டுகொண்டேன். இருவரில் வேகமானவரின் கணக்கில் பயணத்தைத் திட்டமிட்டால் மூன்றாம் நாளே பேச்சு குறைந்துவிடும். மெதுவாக ஓட்டுபவரை அளவாக வைத்தே கீழுள்ளவற்றை எழுதியிருக்கிறேன்.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலும் வாகன நெரிசலும் சேர்ந்து வாட்டும். வசந்த காலத்தில் ஐரோப்பாவெங்கிலுமிருந்து சைக்கிள் குழுக்கள் பயிற்சிக்கு வந்து இறங்குவதால், வாடகை வண்டியையும் அறையையும் முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

படி 2: உடலைப் பழக்குதல்

இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்கி, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் தலா 50 கிலோமீட்டர் ஓட்டும் அளவுக்குத் தேறிவிடுங்கள். முதல் நாளை எவரும் சமாளித்துவிடுவார்கள். வலித்த இடுப்போடு மறுநாளும் இருக்கையில் உட்காருவதே உண்மையான சோதனை.

படி 3: வண்டியை வாங்கியவுடன் சரிபார்த்தல்

வண்டியை விமானத்தில் கொண்டுபோக வேண்டியதில்லை. தீவெங்கும் வாடகைக் கடைகள் உள்ளன. முன்பக்கச் சிறிய பற்சக்கரத்தில் 34 பற்களும், பின்பக்கப் பெரிய பற்சக்கரத்தில் குறைந்தது 32 பற்களும் இருக்கும்படி கேளுங்கள். இந்தக் கியர் இருந்தால் முட்டி வலிக்காமல் மேடேறலாம். டயர் அகலம் 28 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். இருவரின் வலுவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், ஒருவருக்கு மட்டும் மின்மோட்டார் துணையோடு மிதிக்கும் சைக்கிள் எடுத்துக்கொள்ளலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இருக்கையின் உயரத்தைக் கடை வாசலிலேயே சரிசெய்யுங்கள். இருக்கையில் அமர்ந்து, பெடலைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டி சற்றே மடங்கினால் உயரம் சரி.

அடுத்ததாக, பிரேக்கைப் பாருங்கள். நம் ஊர் சைக்கிள்களில் பொதுவாக வலக்கைப் பிடி முன்சக்கரத்தை நிறுத்தும். ஸ்பெயினிலோ பெரும்பாலும் இடக்கைப் பிடிதான் முன்சக்கரத்துக்கு உரியது. இதை அறியாமல் முதல் நாள் ஒரு சந்திப்பில் பதறி இடக்கையை இறுக்கினேன். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது, முட்டியில் சிராய்ப்பு. கடை வாசலிலேயே இரண்டு பிடிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பழகியிருந்தால் தப்பித்திருப்பேன்.

படி 4: சாலை விதிகள்

வாகனங்கள் வலப்புறம் செல்லும். ரவுண்டானாவை இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். சாலையில் நுழையும்போது முதலில் இடப்பக்கம் பார்க்கப் பழகுங்கள், ஏனெனில் அருகிலுள்ள வாகனம் அங்கிருந்துதான் வரும். ஊருக்கு வெளியே தலைக்கவசம் கட்டாயம். முந்திச் செல்லும் கார்கள் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம்.

படி 5: மூட்டை

இரண்டு செட் சைக்கிள் உடை, ஒரு மாலை நேர உடை, மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை, தலா இரண்டு டியூப், காற்றடிக்கும் சிறு பம்ப், முன்பின் விளக்குகள். இவ்வளவு போதும். பஞ்சுவைத்த கால்சட்டைக்கு உள்ளே உள்ளாடை அணியக் கூடாது. தையல் உரசிப் புண்ணாகிவிடும்.

படி 6: பாதை

முதல் நாள், தலைநகர் பால்மாவிலிருந்து கிளைச்சாலைகள் வழியாக பெத்ரா வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் செல்லுங்கள். கலிபோர்னியாவில் கிறித்தவ மடங்களை நிறுவிய ஹுனிபெரோ செர்ரா 1713இல் பிறந்த ஊர் அது. சதுக்கத்தில் சைக்கிள்காரர்கள் கூட்டம் மொய்க்கும். இரண்டாம் நாள், பழைய கோட்டை மதிலுள்ள அல்குடியாவுக்குப் போகலாம். சமவெளியில் எதிர்காற்று அடித்தால் ஒருவர் பின்னால் ஒருவராக, ஒரு சக்கர நீளத்துக்குள் செல்லுங்கள்; பின்னால் வருபவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். இதில் உடல் பெருத்த நான் முன்னால் போய் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மூட்டையை அறையில் விட்டுவிட்டு ஃபொர்மென்டோர் முனையிலுள்ள கலங்கரை விளக்கத்துக்குப் போய்வாருங்கள். நான்காம் நாள், பொலியென்சா வழியாக மலையேறி லியுக் மடத்தை அடையுங்கள். அங்கேயே தங்க அறை கிடைக்கும். இரண்டு இரவுகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் சா கலோப்ரா. 1932இல் பொறியாளர் அந்தோனியோ பரியெத்தி வடிவமைத்த இச்சாலை, மலைச்சரிவில் கொண்டை ஊசி வளைவுகளாகக் கடல்வரை இறங்குகிறது. ஓரிடத்தில் கழுத்துப்பட்டை முடிச்சுப் போலத் தன்னைத் தானே சுற்றித் தன் அடியிலேயே நுழைகிறது. வேறு சாலை இல்லாததால், சைக்கிளில் இறங்கியவர் அதே வழியில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏற்றம் ஏறக்குறைய 9.5 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 7 விழுக்காடு; அதாவது நூறு மீட்டர் ஓட்டினால் ஏழு மீட்டர் உயர்வீர்கள். பையைச் சுமந்து இதைச் செய்யவே வேண்டாம். காலை ஒன்பதுக்குள் இறங்கிவிட்டால் சுற்றுலாப் பேருந்துகளுக்கு முன்பே மேலே வந்துவிடலாம்.

ஏறும்போது மேடு தொடங்குமுன்னரே சிறிய கியருக்கு மாற்றுங்கள். பாரம் ஏறியபின் மாற்றினால் செயின் முறுக்கிக்கொள்ளும். பேச முடிகிற அளவு மூச்சில் ஏறுங்கள். வேகமானவர் அவரவர் வேகத்தில் ஏறி, முன்பே பேசிவைத்த வளைவில் காத்திருக்கட்டும். மற்றவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடக் கூடாது. ஓய்வு அவருக்குத்தான் தேவை, காத்திருந்தவர் ஏற்கனவே ஓய்வெடுத்துவிட்டார். எங்களுக்குள் நடந்த ஒரே சண்டை இதற்காகத்தான். இறங்கும்போது வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடியுங்கள். வளைவுக்குள், நீங்கள் வெளியேறப்போகும் இடத்தில் பார்வை இருக்கட்டும்.

படி 7: உணவு

பன்றிக்கொழுப்புக்குத் தீவு மக்களின் மொழியில் சாயிம் என்று பெயர். சுருள் வடிவ இனிப்பு ரொட்டியான என்சைமாதா அதில் செய்யப்படுவதாலேயே அப்பெயர் பெற்றது. ஆகவே சைவர்கள் அதைத் தவிர்க்க வேண்டியிருக்கும். ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தரும் ‘பா அம்ப் ஓலி’, கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் அடுக்கிய தும்பெத் ஆகியவை வயிற்றை நிரப்பும். சிற்றூர்க் கடைகள் மதியத்தில் மூடிவிடும் என்பதால் தண்ணீரைக் காலையிலேயே நிரப்புங்கள்.

படி 8: திரும்புதல்

ஆறாம் நாள் லியுக்கிலிருந்து ஆரஞ்சுத் தோப்புகள் சூழ்ந்த சோயருக்கு மலைச்சாலையில் வாருங்கள். வழியில் சுரங்கப்பாதைகள் வருவதால் விளக்கு எரியட்டும். ஏழாம் நாள் டெயா, வல்டமோசா வழியாக ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் பால்மா வந்துவிடும். சோயரிலிருந்து பால்மாவுக்கு நேராகச் செல்லும் நீண்ட சுரங்கச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை; வரைபடம் அதைக் குறுக்குவழியாகக் காட்டினால் நம்ப வேண்டாம். கடையில் வண்டியைத் திருப்பித் தருமுன், இருவரின் இருக்கை உயரத்தையும் அளந்து கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அரை மணி நேரம் மிச்சமாகும்.