வராத பிள்ளைக்குப் பூஜ்ஜியம் போடாதீர்கள்: மதிப்பெண் அட்டவணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் ஆசிரியர் அறையில், புதிதாக வேலைக்கு வந்த இரண்டு பேர் காலாண்டு மதிப்பெண்களை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறுகள். 75-க்குப் பதில் 57 அடிப்பதெல்லாம் எல்லோருக்கும் நடக்கும், விடைத்தாளோடு ஒருமுறை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அப்படி எளிதில் கண்ணில் படாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

மதிப்பெண்ணை மட்டும் சார்ட் (sort, வரிசைப்படுத்தல்) செய்வது

பெயர் அங்கேயே நிற்கும், மதிப்பெண் ஆள் மாறிவிடும். முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்த பிறகே சார்ட்.

வராதவருக்குப் பூஜ்ஜியம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஏன் போடுகிறார்கள் என்பதும் தெரியும். வராத பிள்ளையின் கட்டத்தில் 'வரவில்லை' என்று எழுதிவிட்டு, கூட்டல் குறி போட்டு மொத்தம் கண்டால் எக்செல் பிழை காட்டும். அந்தப் பிழை போகட்டும் என்று எழுத்தை அழித்துப் பூஜ்ஜியம் போடுகிறோம். பூஜ்ஜியம் என்றால் தேர்வு எழுதி ஒன்றுமே வாங்கவில்லை என்று பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். தை மாதம், திருப்புதல் தேர்வுகள். ஒரு பையன் முதல் தேர்வில் 78 வாங்கினான். அடுத்த இரண்டுக்கும் வரவில்லை. இரண்டு பூஜ்ஜியம் போட்டேன், சராசரி 26 ஆனது. 35-க்குக் கீழே இருந்தவர்களை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்தபோது அவனும் அதில் போனான். வருகைப் பதிவேடு மேசையிலேயே இருந்தது. நான் திரையை மட்டும் பார்த்தேன். மாலை வகுப்பில் ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் கேள்விகளையே அவனைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தோம். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சார் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறான்.

பொதுத்தேர்வுக்குச் சில நாள் இருக்கும்போது அவன் அம்மா வந்தார். "கொள்முதல் நிலையத்துல நெல்லக் கொட்டிட்டு எட்டு நாளு காத்துக் கெடந்தோம் சார். ராத்திரிக் காவலுக்கு இவன்தான் படுத்திருந்தான். அதான் பரிச்சைக்கு வரல. இப்ப கணக்கே வராமப் போயிடுச்சா அவனுக்கு?" அன்றைக்கே அவனை அந்த வகுப்பிலிருந்து எடுத்தேன். ஆனால் ஐந்து மதிப்பெண் கணக்குகளில் இருந்த பழக்கம் அதற்குள் விட்டுப்போயிருந்தது.

நம் பக்கத்தில் காலாண்டு சமயத்தில் நடவு, திருப்புதல் சமயத்தில் அறுப்பு. பிள்ளைகள் வராமல் போவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கும். அதனால் கட்டத்தில் 'வரவில்லை' என்றே எழுதுங்கள். கூட்டல் குறிக்குப் பதில் சம் (SUM), சராசரிக்கு ஆவரேஜ் (AVERAGE) என்ற எக்செல் சூத்திரங்களைப் பயன்படுத்துங்கள், இரண்டும் எழுத்து இருக்கும் கட்டத்தைத் தாண்டிப் போய்விடும். பக்கத்தில் கவுண்ட் (COUNT) போட்டு எத்தனை தேர்வு எழுதியிருக்கிறார் என்பதையும் காட்டுங்கள். மூன்றில் ஒன்றுதான் எழுதியிருந்தால், வீட்டில் பேசிய பிறகுதான் பட்டியலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தேர்ச்சி விழுக்காட்டிலும் இதே சிக்கல் உண்டு. 32 பேரில் 28 பேர் எழுதி 21 பேர் தேர்ச்சி என்றால், எழுதியவர்களில் 75 விழுக்காடு, வகுப்பு முழுக்க எடுத்தால் 65.6. இரண்டையும் எழுதுங்கள். முதல் எண்ணை மட்டும் காட்டினால் அந்த நாலு பேரையும் யாரும் தேட மாட்டார்கள்.

கட்டங்களை மெர்ஜ் செய்வது (ஒன்றாக இணைப்பது)

வேண்டாம்.

சராசரிகளுக்குச் சராசரி

அ பிரிவில் 40 பேர், சராசரி 60. ஆ பிரிவில் 20 பேர், சராசரி 45. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 52.5 வரும். உண்மையில் 55. மொத்த மதிப்பெண்ணை மொத்தப் பேரால் வகுக்க வேண்டும்.

மொத்தத்தோடு நிறுத்துவது

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் கேள்வி 10, ஐந்து மதிப்பெண் கேள்வி 10, அப்புறம் வடிவியலும் வரைபடமும் தலா எட்டு மதிப்பெண். இவற்றுக்குத் தனித்தனி நெடுவரிசை போடுங்கள். ஒரே 40 வாங்கிய இருவரில் ஒருவர் வரைபடத்தைத் தொடவே இல்லை என்பதும், இன்னொருவர் அதில் முழுமதிப்பெண் வாங்கிவிட்டு ஐந்து மதிப்பெண் கணக்குகளைப் பாதியில் விட்டிருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரியும். முதல் பிள்ளைக்கு ஒரு வாரம் கிராஃப் தாளும் பென்சிலும் கொடுத்து உட்கார வைத்தால் போதும்.