தெர்மாகோல் உருகினால் கன்னுக்கு என்ன பழி?

குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அக்கா மகன் ஒரு காளி வேஷக் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் என் பட்டறைக்கு வந்தான். நெற்றிப் பக்கம் ஒட்டியிருந்த தெர்மாகோல் பூவெல்லாம் செல்லரித்த மரம் மாதிரி குழிகுழியாக இருந்தது.

"என்னல இது?"

"நல்லாத்தான் அடிச்சேன் மாமா. அடிக்க அடிக்க அது பாட்டுக்கு உருகிட்டு. கன்னுல ஏதோ கோளாறு."

கன் என்றால் ஏர்பிரஷ், காற்றழுத்தத்தில் பெயிண்டை நைசாகத் தூவும் சின்னக் கருவி. அது பாவம், என்ன செய்யும்? வண்டிக்கு அடிக்கிற, தின்னரில் கரையும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டை அதில் ஊற்றியிருக்கிறான். என்.சி. தின்னர் பட்ட இடத்தில் தெர்மாகோல் கரைந்துவிடும். ஏர்பிரஷ் பழக வருகிறவர்கள் கன்னைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறார்கள், பெயிண்டைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. நான் பார்த்தவரை பாதிக்கு மேல் கோளாறு பெயிண்டில்தான் இருக்கும்.

எதன் மேல் அடிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். அட்டை, தெர்மாகோல், துணி, மரம் என்றால் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் போதும். பைக் டேங்க், ஹெல்மெட் கதை வேறு. டேங்கில் அக்ரிலிக்கில் அழகாக ஒரு வேல் வரைந்து, மேலே கிளியர் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடிக்காமல் விட்டால், பங்கில் நாலு சொட்டு பெட்ரோல் சிந்தித் துடைக்கும்போது வேலும் துணியோடு வந்துவிடும். அதற்கு ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த டூ-கே கிளியர், அதாவது இரண்டு பாகமாக வருவது, வேண்டும். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலில் போனால் ஆஸ்துமாவே வரலாம். பழகும் காலத்தில் அதைத் தொட வேண்டாம். படத்தை நீங்கள் வரையுங்கள், கிளியரை பெயிண்டிங் பூத் வைத்திருக்கிற பட்டறையில் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: பழைய எனாமல் மேல் என்.சி. அடிக்காதீர்கள். தின்னர் கீழே இறங்கி எனாமலைக் கிளப்பிவிடும். கொதித்த பாலின் ஆடை போல மேற்பரப்பு சுருங்கி நிற்கும். அப்புறம் சுரண்டுவதைத் தவிர வழியில்லை.

அக்ரிலிக்கிலும் எல்லாம் ஒன்றல்ல. ஏர்பிரஷுக்கென்றே வருகிற கிரியேட்டெக்ஸ், வயெஹோ மாடல் ஏர் போன்றவற்றில் நிறப்பொடி மிக நைசாக அரைபட்டிருக்கும். ஏறக்குறைய அப்படியே ஊற்றி அடிக்கலாம். விலைதான் கையைக் கடிக்கும். நம் ஊர் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கேமல், ஃபெவிக்ரில் தூரிகைக்கான கெட்டிப் பெயிண்ட். அதை அப்படியே கன்னின் கப்பில் ஊற்றினால் 0.3 மி.மீ. ஊசி இரண்டே நிமிஷத்தில் அடைத்துக்கொள்ளும். கரைத்து, பழைய நைலான் காலுறைத் துணியில் வடிகட்டினால் பழகுவதற்குத் தாராளமாக ஆகும். ஆனால் வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் பெயிண்டைப் பிடித்து வைக்கும் பிசின் நீர்த்துப்போய், காய்ந்த பிறகு விரலால் தேய்த்தாலே பொடி வரும். பாதித் தண்ணீர், பாதி அக்ரிலிக் மீடியம் (நிறமில்லாத பிசின்) என்று கலந்து கரையுங்கள். போஸ்டர் கலர் பேப்பரில் கை பழக மட்டும்தான். ஈரம் பட்டால் கரைந்துவிடும்.

எவ்வளவு கரைப்பது? பால் பதம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆவின் பாலா, தண்ணி கலந்த பாலா என்று கேட்டால் பதில் வராது. நான் கப்பின் உள்சுவரைப் பார்ப்பேன். ஒரு குச்சியால் பெயிண்டைத் தொட்டுச் சுவரில் மேலே ஒரு கோடு இழுங்கள். கோடு நகராமல் அப்பிக்கொண்டு நின்றால் கெட்டி. இழுத்த சுவடே இல்லாமல் கண்ணாடி மாதிரி ஓடிவிட்டால் நீர்த்துப்போச்சு. மெதுவாக வழிந்து, போன வழியில் மெல்லிய நிறத்தை விட்டுவிட்டுப் போனால் அதுதான் பதம்.

கரைக்க என்.சி. தின்னரை எடுப்பவர்களும் உண்டு. அக்ரிலிக்கில் அது பட்டதும் திரிந்த பால்தான். கன்னுக்குள் ரப்பர் மாதிரி கட்டியாகிவிடும். அந்த ஒரு தவறுக்கு அரை நாள் கழுவ வேண்டியிருக்கும்.

அடுத்து காற்று. நுண்ணிய வேலைக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும், பைக் டயருக்கு அடிப்பதைவிடக் குறைவு. பட்டறைப் பெரிய கம்ப்ரஸரிலும் அடிக்கலாம், ரெகுலேட்டரும் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் இருந்தால். காரில் டயருக்குக் காற்றடிக்கிற சின்ன பம்பை மட்டும் வாங்காதீர்கள். டேங்க் இல்லாததால் காற்று துடித்துத் துடித்து வரும், கோடும் அப்படியே விழும். காற்று அதிகம், பெயிண்ட் நீர், கையும் கிட்டே என்று மூன்றும் சேர்ந்தால் பெயிண்ட் நாலாபக்கமும் சிலந்திக்கால் போல ஓடும். டபுள் ஆக்‌ஷன் கன்னில் (ஒரே விசையில் காற்றையும் பெயிண்டையும் தனித்தனியாக விடுவது) முதலில் அழுத்திக் காற்றை விட்டு, கை நகர ஆரம்பித்த பிறகு பின்னால் இழுத்துப் பெயிண்டை விட வேண்டும். நிறுத்தும்போது முதலில் பெயிண்ட், கடைசியில் காற்று. இதை மாற்றிச் செய்வதால்தான் கோட்டின் இரு முனையிலும் குண்டு குண்டாகப் புள்ளி விழுகிறது.

நம் ஊர் வெயிலுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கத்திரியில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் அடித்தால் அக்ரிலிக் ஊசி நுனியிலேயே காய்ந்துவிடும். கோடு மெலிந்துகொண்டே வந்து திடீரென்று துப்பும். நிறைய பேர் உடனே காற்றைக் கூட்டுகிறார்கள். அது இன்னும் காய வைக்கும். ஈரத் துணியால் நுனியை மெதுவாகத் துடைத்தாலே போதும், ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) இரண்டு சொட்டு சேர்த்தால் இன்னும் நல்லது. மழைக் காலத்தில் இதற்கு நேர்மாறு. ஐப்பசி, கார்த்திகையில் கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் சேரும். தினம் திறந்துவிடாவிட்டால் படத்தின் நடுவில் சொட்டும். தென்காசிப் பக்கம் சாரல் நேரத்தில் என்.சி. அடித்தால் ஈரத்தை இழுத்துச் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப் போகும். அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டுக் குற்றாலத்துக்குப் போகலாம்.

கழுவுவதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை என்பதால். நிறம் மாற்றும்போதெல்லாம் கழுவுங்கள். கன்னை முழுசாகத் தின்னரில் ஊறப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் உப்பிவிடும். நாசில் (பெயிண்ட் வெளிவரும் முனை) கடுகு அளவுதான். ஸ்பேனரைப் பலமாகத் திருகினால் உடையும். ஊசி நுனியை நகத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் வளைந்திருக்கிறது, கோடு ஒரு பக்கமாகச் சாய்வது அதனால்தான்.

தண்ணீர்ப் பெயிண்ட்தானே என்று கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள். புகைபோல் பறக்கிற நிறப்பொடி நெஞ்சுக்குள் போகும். கேட்மியம் உள்ள மஞ்சள், சிவப்பை ஸ்ப்ரே செய்யவே கூடாது. கேட்ரிட்ஜ் (வடிகட்டி) வைத்த மாஸ்க், திறந்த ஜன்னல், வெளியே காற்றைத் தள்ளும் ஃபேன், மூன்றும் வேண்டும்.

முதல் மாதம் வாங்க வேண்டியது ஒரே ஒரு கறுப்பும் ஒரு கட்டு வெள்ளைப் பேப்பரும். வெள்ளைப் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். அதுதான் அதிகம் அடைக்கும், புதியவர்களை அழ வைக்கும். என் மருமகனும் கறுப்பிலிருந்துதான் மறுபடி ஆரம்பித்தான். உருகிய பூக்களைப் பிய்த்து எறிந்துவிட்டு, அட்டையில் புதுசு வெட்டி ஒட்டி, ஃபெவிக்ரில் கரைத்து அடித்தோம். ராத்திரி ஒரு மணிக்குக் கிரீடம் காய்ந்தது. காலையில் முதல் பஸ்ஸில் குலசைக்குப் போய்விட்டான். கன்னை மட்டும் கழுவாமல் வைத்துவிட்டான்.