லிமோசின் வாங்கும் முன் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் லிமோசின் (நீளமான சொகுசு கார்) சேவை தொடங்க நினைத்தால், வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அதே நீளமுள்ள ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, அந்த நகரின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகள் பக்கம் கல்யாணம் நடக்கிற கோயில், மண்டப வாசல்வரை கொண்டுபோய்த் திருப்பிப் பாருங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி அதிகம் என்பதால் மேட்டு வாசலில் ஏறும்போது வண்டியின் அடிவயிறு தரையில் உரசும், திரும்பவும் நல்ல அகலமான இடம் வேண்டும். மணப்பெண்ணைத் தெருமுனையில் இறக்கிப் பட்டுச்சேலையோடு நடக்க வைத்தால் அடுத்த சவாரி எப்படி வரும்? அப்புறம், ஓட்டுநருக்குச் சாதாரண லைசென்ஸ் போதாது, வாடகைக்குப் பயணிகளை ஏற்றும் தொழில்முறை ஓட்டுநர் பெர்மிட்டும் வேண்டும், அதை 2 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கிங் ஷாகா விமான நிலையத்துக்கு வழக்கமான செடான் கார் மட்டும்தான் விடப்போகிறீர்கள் என்றால் இந்தச் சோதனை ஓட்டம் தேவையில்லை, ஆனால் பெர்மிட் அப்போதும் கட்டாயம்.