ஜிஆர்இ கணக்கில் நான் கோட்டை விட்ட இடம்

காரைக்குடியில் இன்ஜினியரிங் முடித்தவன் நான். வெளிநாட்டில் மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வில் கணக்கு பள்ளிக்கூடப் பாடம்தானே என்று அசட்டையாக இருந்தேன். முதல் மாதிரித் தேர்வில் 170-க்கு 154; மதிப்பெண் தொடங்குவதே 130-இல்தான். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆன்லைன் வகுப்புக்குக் கட்டிய பணமும் வீண்; ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொன்னார்கள்.

அப்புறம் செக்காலையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரிடம் போனேன். பாடமே எடுக்கவில்லை அவர். "தப்பாப் போட்டதை மட்டும் எழுதிக்கிட்டு வாங்க தம்பி" என்றார். எழுதிப் பார்த்தால், பாதிக்கு மேல் 'இரண்டில் எது பெரியது' வகைக் கேள்விகள்.

ஒன்று இப்படி: x ஒன்றைவிடச் சிறியது; x பெரியதா, x² பெரியதா? அரையை மனதில் வைத்து x என்று போட்டிருந்தேன். அவர் சாக்பீஸை எடுத்து ஆத்தங்குடிக் கல் தரையிலேயே எழுதினார்: −2, −½, 0, ½, 2. "நிபந்தனைக்குப் பொருந்துறதை எல்லாம் வெச்சுப் பாருங்க." −2 வைத்தால் x² 4, அதுதான் பெரியது. பூஜ்யம் வைத்தால் இரண்டும் சமம். ஆக, 'தீர்மானிக்க முடியாது' என்பதே விடை. மைனஸும் பூஜ்யமும் என் கண்ணிலேயே பட்டதில்லை!

இப்போதைய தேர்வில் கணக்குப் பகுதிக்கு மட்டும் 47 நிமிடத்துக்கு 27 கேள்விகள். அதனால் இந்த ஐந்து எண்களைத் தாளில் முதலிலேயே எழுதிவைத்துக்கொள்வேன். ஆறு வாரத்தில் மாதிரித் தேர்வில் 164 வந்தது.

தரையைத் துடைத்தது மட்டும் அவர் வீட்டு ஆச்சி. தினமும் திட்டிக்கொண்டேதான்.