டிஜி-6க்கு அகலக்கோண லென்ஸ் பொருத்தினது: என் அனுபவம்

என் டிஜி-6 கமராவால் காங்கேசன்துறைப் பக்கம் கடலுக்குள் எடுத்த முருகைக்கல் படங்கள் எல்லாம் பச்சைப் புகாருக்குள் எடுத்தது மாதிரித்தான் வந்தன. பிளாஷில் பிழை இல்லை, கமராவுக்கும் கல்லுக்கும் இடைத்தூரம்தான் காரணம். தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸின் பார்வை, தண்ணீருக்குள் ஒளி முறிவதால் (முறிவுக்குணகம் 1.33) குறுகிவிடும். ஒலிம்பஸ் டிஜி-6 இன் 25 மிமீ கோணம் ஏறக்குறைய 33 மிமீ ஆகிவிடும் (இலக்கம் கூடினால் பார்வை குறுகும்). முழுக் கல்லும் சட்டத்துக்குள் வரப் பின்னால் போக வேண்டும். போனால் கலங்கல் தண்ணீர் இடையில் நிற்கும்.

அதனால் அகலக்கோண 'வெட்' லென்ஸ் (தண்ணீருக்குள்ளேயே வெளியில் பூட்டிக் கழற்றும் லென்ஸ்) வேண்டினேன். சின்னப் பொருளைக் கிட்டப் போய் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வேண்டவில்லை. இந்தக் கமராவின் மைக்ரோஸ்கோப் முறையே 1 செமீ வரை குவியும், பிறகு எதற்குக் காசு?

பூட்டியதும் மூலைகள் கறுத்தன. ஹவுசிங்கின் (கமராவை வைக்கும் நீர்புகாப் பெட்டியின்) முன்குழாய் நீளமாகச் செய்யப்பட்டது. அதனால் வெட் லென்ஸ் கமராவிலிருந்து தள்ளி நிற்கிறது. கறுப்பு மறையுமட்டும் கொஞ்சம் ஜூம் செய்தேன், சரி. ஹவுசிங் தெரிவுசெய்யும்போது விலையைவிட இந்தக் குழாய் நீளத்தையும், லென்ஸ் பூட்டும் மரை உங்கள் வெட் லென்ஸின் அளவுதானா (என்னுடையது 67 மிமீ) என்பதையும் முதலில் பாருங்கோ.

படத்தின் நடுவில் மங்கல் தெரிந்தால் அது பெரும்பாலும் லென்ஸுக்கும் ஹவுசிங் கண்ணாடிக்கும் இடையில் சிக்கின காற்றுக்குமிழி. தண்ணீருக்குள்ளேயே லென்ஸை அரைச்சுற்றுத் தளர்த்தி, குமிழி போனபின் இறுக்குங்கோ. கைதவறினால் கல்லுப்போலத் தாழும், கயிறு கட்டாமல் கழற்ற வேண்டாம்.