ஓடையில் நைத்திரேற்று கூடியதா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

தேயிலை மலையைத் தாண்டி வரும் ஓடையில் நைத்திரேற்று (உரத்திலும் மலக்கழிவிலும் இருந்து தண்ணீரில் கலக்கும் நைதரசன் சேர்மம்) கூடுகிறதா என்று அறிய ஒரு போத்தல் தண்ணீர் போதாது. மழைக்கும் வெயிலுக்கும் அளவு ஏறி இறங்கும். மலைக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் எனச் சோடியாக, ஒரே நாளில் எடுங்கள். இரண்டு வார இடைவெளியில் எட்டுச் சோடியாவது வேண்டும்.

முதலில் கீழிடம், பிறகு மேலிடம். மாறிச் செய்தால் மேலே கால்பட்டுக் கலங்கிய சேறு கீழ்ப் போத்தலுக்குள் வந்துவிடும். போத்தலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் அளக்கக் கொடுங்கள். ஒரே போத்தலை எட்டாகப் பிரித்து அளந்தால் அது எட்டு மாதிரி ஆகாது. கருவி எவ்வளவு ஒழுங்காக அளக்கிறது என்பது மட்டுமே தெரியும். மாணவர் ஆய்வுகள் பல சறுக்குவது இங்கேதான்.

இனிக் கணக்கு. கீழிட அளவிலிருந்து மேலிட அளவைக் கழியுங்கள். உதாரணத்துக்கு, லீற்றருக்கு மில்லிகிராமில் வித்தியாசங்கள் இவை என்று வைப்போம்: 1.2, 0.8, 1.5, -0.3, 2.1, 0.9, 0.4, 1.4. சராசரி 1.0. நியம விலகல், அதாவது வித்தியாசங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு, 0.73. அதை 8இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் நியம வழு (சராசரி எவ்வளவு தளம்பலாம் என்பதன் அளவு) 0.26. சராசரியை நியம வழுவால் வகுத்தால் ஏறத்தாழ 3.9. எட்டுச் சோடிக்கு, புள்ளிவிபரப் புத்தகங்களில் உள்ள ரி-அட்டவணை (t) கேட்கும் எல்லை 2.365 (5 சதவீத மட்டம்; கூடினாலும் குறைந்தாலும் பிடிக்கும் இருபக்கச் சோதனை). அதைத் தாண்டியதால் கூடியது தற்செயல் என்று சொல்வது கடினம். எக்செலில் T.TEST சார்பால் செய்தால் வால் (tails) 2, வகை (type) 1 என்று கொடுங்கள்; வகை 1 என்பது சோடிச் சோதனை. வகை 2 கொடுத்தால் சோடி உடைந்து, மழையால் வந்த ஏற்ற இறக்கம் முழுவதும் கணக்குக்குள் புகுந்துவிடும்.

அறிக்கையில் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் எழுதுங்கள்: சராசரியோடு 2.365 மடங்கு நியம வழுவைக் கூட்டியும் கழித்தும் வரும் வீச்சு அது. இங்கே அது 0.4 முதல் 1.6 வரை. நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதோடு ஒப்பிட்டால் இது சிறிய அதிகரிப்பு.

உரம்தான் காரணம் என்று இதை வைத்து எழுத முடியாது. லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) மலசலகூடக் குழியும் இடையில் இருக்கலாம். உரம் போடும் முன்பும் பின்பும் இதே சோடிகளை எடுத்து, வித்தியாசம் மாறியதா என்று பாருங்கள்.

இரத்தச் சோகை மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஹீமோகுளோபின் அளப்பதற்கும் இதே கணக்குதான். ஆனால் மாத்திரை எடுக்காத ஒரு குழுவும் தேவை. இருபது விடயங்களை அளந்து ஒன்று மட்டும் எல்லை தாண்டினால் சந்தேகப்படுங்கள்: உண்மையில் எதுவுமே மாறாவிட்டாலும், 5 சதவீத மட்டத்தில் சராசரியாக இருபதுக்கு ஒன்று அப்படி வரும்.